பெரிய செவலையின் ஐந்தாம் ஈற்று

மாமாவின் மாட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு சுவருக்கு, அதிலும் ஒரு கதவு அகலத்துக்கு மட்டும், நான் வெள்ளையடித்திருக்கிறேன். பொங்கல் இல்லை, வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. ஆனி மாத வெயிலில் ஒரு சனிக்கிழமைக் காலை. ஐந்து மாடுகள் வரிசையாக நிற்கிற நீளக் கொட்டகை அது. நான்கு மாடுகளுக்குப் பின்னால் சுவர் எப்போதும்போலச் சாணித் தெறிப்பும் கரிக்கோடுமாகக் கிடந்தது. கோடியில் கட்டியிருந்த பெரிய செவலைக்குப் பின்னால் மட்டும் பளிச்சென்று சுண்ணாம்பு. முதல் பூச்சில் கரி மறையவில்லை, சுண்ணாம்பு மட்டையோடு இழுபட்டுச் சாம்பல் நிறத்தில் பரவியது. மூன்றாவது பூச்சில்தான் அடங்கியது. பெரிய செவலை அசை போட்டபடி, இவனுக்கு என்ன வந்தது என்பதுபோல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மாமா வாசலில் நின்று, "போதும் மாப்ள, தங்கச்சி வர்ற நேரமாச்சி" என்றார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லுமாக நிலம், ஐந்து கறவை மாடு, ஊர்ப் பால் சங்கத்தில் தலைவர் பதவி, கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் முன்வரிசை. அவருக்கு நோட்டுப் புத்தகத்தில் நம்பிக்கை கிடையாது. மாட்டுக்குச் சினை ஊசி போட்டால் அந்த மாட்டுக்குப் பின்னால் சுவரில் கரியால் ஒரு கோடு இழுப்பார். மாடு கன்று போட்டதும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை. நல்ல மாட்டின் சுவர் பார்க்கவே அழகாக இருக்கும். ஒரு கோடு, ஒரு சிலுவை. மறுபடி ஒரு கோடு, ஒரு சிலுவை. பெரிய செவலையின் சுவரும் முதல் இரண்டு ஈற்று வரை அப்படித்தான் இருந்தது. மூன்றாம் ஈற்றுக்கு நான்கு கோடு. நான்காவதற்கு ஏழு. ஐந்தாவதற்கு ஒன்பது கோடு நெருக்கியடித்துக்கொண்டு நின்று, அதற்கப்புறம்தான் ஒரு சிலுவை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அந்தச் சுவரைப் பார்த்தால் விஷயத்தைப் புரிந்துகொள்வார். அன்று மாடு பார்க்க வரவிருந்த சித்தி பத்தாவது வரை படித்தவள்.

அந்தக் கோடுகளில் பெரும்பாலானவை நான் போட்ட ஊசிகள். அப்பா இறந்த பிறகு எனக்குச் சோறு போட்டு, பயிற்சிக்கு அனுப்பி, பால் சங்கத்தில் சினை ஊசி போடுகிற வேலையை வாங்கிக் கொடுத்தது மாமாதான். அம்மா மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சைக்கிளில் கஞ்சி கொண்டுவந்தவரும் அவர்தான். மாமா கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் எனக்குச் சுலபம். நானும் பல வருஷம் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய செவலை அந்தச் சுற்று வட்டாரத்தில் பேர்போன மாடு. மடி நிறையப் பால். இரண்டு ஈற்று ஈன்ற பிறகு மாமாவுக்கு அந்தப் பாலின் மேல் ஆசை அத்துமீறியது. சினை மாட்டைக் கடைசி இரண்டு மாதம் கறக்காமல் பால் வற்றவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மாமா விடவில்லை. கறக்கக் கறக்கத் தருகிற மாட்டை ஏன் சும்மா விட வேண்டும் என்பது அவர் கட்சி. மூன்றாம் ஈற்றில் கன்று விழுகிற வாரம் வரை கறந்தார். மாட்டின் விலா எலும்பை எண்ணலாம், ஆனால் பால் வந்துகொண்டிருந்தது. அந்த ஈற்றில் நஞ்சுக்கொடி தானாக விழவில்லை, கைவிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. காய்ச்சல், கர்ப்பப்பையில் சீழ். நான்காம் ஈற்றிலும் அதே கதை. அப்போது வந்த கால்நடை டாக்டர் தோள்வரை உறையை மாட்டிக்கொண்டு வேலையை முடித்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் கை கழுவியபடியே மாமாவிடம் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"கெடேரிக் கன்னு வயித்துக்குள்ள இருக்கும்போதே அதோட கருமுட்ட எல்லாம் உருவாயிடுதுங்க. அந்த நேரத்துல தாய நீங்க ஒட்டக் கறந்துட்டா கன்னுக்கு என்ன மிச்சம் இருக்கும்? நாளைக்கி இது சினைக்கி நிக்கலன்னா இதுங் குத்தமில்ல. கட்டாயம் நிக்காதுன்னு சொல்லல. ஆனா தாயி பட்டது பொண்ணுங்ககிட்ட தெரியும்."

டாக்டர் போன பிறகு மாமா, படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு கறக்க உட்கார்ந்தார். ஐந்தாம் ஈற்றுக்கும் அதே மாதிரிதான் கறந்தார். காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். நன்றாகவே போட்டுக்கொண்டார் என்பது பிறகு அவர் செய்ததில் தெரிந்தது.

பெரிய செவலை ஈன்றது ஐந்தும் கிடேரி, பெண் கன்று. முதல் இரண்டு ஈற்றுக் கிடேரிகளை மாமா வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவை இரண்டும் வருஷத்துக்கு ஒரு கன்று, கணக்காகப் போட்டன. மூன்றாவதையும் நான்காவதையும் வாரத்துக்கு விட்டார். வாரம் என்றால், மாடு வாங்க வழியில்லாதவர்களிடம் கிடேரிக் கன்றை வளர்க்கக் கொடுப்பது. ஏற்பாடு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். மாமாவின் ஏற்பாடு கேட்பதற்கு ரொம்ப தாராளமானது. வளர்த்துச் சினையாக்கி முதல் கன்று போட்டதும் பசு வளர்த்தவர்களுக்கு, கன்று மாமாவுக்கு. சினையே நிற்காமல் போனால் மாடு மாமாவுடையது, வளர்த்தவர்களுக்குச் சாணிதான் மிச்சம். அந்தப் பின்பாதியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிடேரி என்றால் சினை பிடிக்காமலா போகும்? மூன்றாவது கிடேரிக்கு நெல்லிக்குப்பம் பக்கம் ஒருவர் வீட்டில் ஏழு தடவை ஊசி போட்டேன். நிற்கவேயில்லை. நான்காவது ஆற்றோரத்தில் ஒரு வீட்டில் ஒரு முறை நின்று ஐந்தாம் மாதத்தில் கலைந்தது, அதோடு சரி. இரண்டும் பெரிய மாடாக, கொழுகொழுவென்று மாமாவிடம் திரும்பி வந்து, அடிமாட்டு லாரியில் ஏறின. வீட்டில் வைத்திருந்தால் மூன்று வருஷத் தீனி நஷ்டம். அடுத்தவர் வீட்டில் வளர்ந்ததால் அது லாபம். ஐந்தாவது கிடேரியை எங்கே விடப்போகிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தி பெயரைச் சொன்னார்.

சித்தி அம்மாவின் தங்கை, மாமாவுக்கும் கூடப்பிறந்த தங்கை. கடலூர்ப் பக்கம் ரசாயனக் கம்பெனிகள் சூழ்ந்த குடிகாட்டில் வாக்கப்பட்டவள். சித்தப்பா கம்பெனி ஒன்றில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலையில் இருந்து, மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதன் பிறகு சித்தி காண்ட்ராக்ட்காரரிடம் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போனாள். ஒரே மகள், அப்போது பத்தாவது வகுப்பு. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆக வேண்டும். விளையாட்டாகச் சொல்வது அல்ல, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்திலிருந்து பார்த்துப் பிறந்த ஆசை. சிதம்பரத்தில் படிக்க வைக்க வேண்டும், அதற்கு ஒரு கறவை மாடு இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது சித்தியின் திட்டம். ஒன்றும் பேராசை இல்லை. தங்கைக்கு அண்ணன் செய்கிற சீர் என்று மாமா கோயில் வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னார். பங்குச் சாமியார்கூட அவரைப் பாராட்டினார்.

அந்தச் சனிக்கிழமை சித்தி மகளோடு வந்தாள். கிடேரியைத் தடவிப் பார்த்தாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குள் போய்த் தாயைப் பார்த்தாள். சுண்ணாம்பு இன்னும் முழுசாகக் காயவில்லை. சித்தி அந்தச் சுவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, மாமா மோர் எடுத்துவர உள்ளே போன சமயத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, நீதான் இதுக்கெல்லாம் ஊசி போடற. தாயிக்கி ஏதாச்சும் கோளாறு உண்டாப்பா? இருந்தா சொல்லு, நான் ஏதாவது சொல்லி வேணாம்னுட்டுப் போயிடறேன்."

என் விரல் நகத்தில் சுண்ணாம்பு இருந்தது. "ஒண்ணும் இல்ல சித்தி. நல்ல மாடு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. மாமா மகளுக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு முடிவாகியிருந்தது. முறைப்பெண்தான் என்றாலும் எங்கள் சபையில் அவ்வளவு நெருங்கிய உறவில் கல்யாணம் செய்ய மேலிடத்து அனுமதி வேண்டும், அதற்கு விண்ணப்பம் போயிருந்தது. வேலை மாமா கொடுத்தது, பெண் மாமா கொடுக்கப்போவது. அதோடு, எனக்கு ஒளிந்துகொள்ள டாக்டரே ஓர் இடம் கொடுத்திருந்தார். கட்டாயம் நிற்காது என்று அவர் சொல்லவில்லையே. அக்காக்கள் இரண்டு நிற்காவிட்டால் தங்கையும் நிற்காமல் போக வேண்டும் என்று சட்டமா? மாட்டின் வயிற்றுக்குள் இருப்பதை யார் கண்டது? இப்படி ஒரு சந்தேகத்தின் நிழலில் ஒதுங்கி நின்றேன். பயந்தாங்கொள்ளிக்கு அந்த அளவு இடம் போதும்.

சித்தி கிடேரியை நடத்தியே கூட்டிக்கொண்டு போனாள். அவள் அதை வளர்த்த மாதிரி நான் எந்த மாட்டையும் யாரும் வளர்த்துப் பார்த்ததில்லை. வேலை முடிந்து வரும்போது வரப்போரம் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்மை மாற்றிவிட்டுச் சாணி அள்ளுவாள். நாலு வீட்டில் கேட்டு வாங்கிய கழுநீர் எப்போதும் தொட்டியில் இருக்கும். மாட்டுப் பொங்கலன்று கோயில் மைதானத்தில் சாமியார் மாடுகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தபோது, சித்தியின் செவலைதான் எல்லாவற்றிலும் மினுமினுப்பு. மாமாவும் வந்திருந்தார். தங்கையின் வளர்ப்பை மெச்சி எல்லாரிடமும் பேசினார்.

மகள் பதினொன்றாவது சேர்ந்த வருஷம் கிடேரி பருவத்துக்கு வந்தது. மாடு கத்துகிறது என்று சித்தி போன் செய்த அரைமணியில், சினை ஊசிகளை உறையவைத்திருக்கிற நைட்ரஜன் கேனோடு போய் இறங்கினேன். முதல் ஊசி நிற்கவில்லை. இரண்டாவதும் நிற்கவில்லை. மூன்றாவதும் நிற்காமல் இருபத்தோராம் நாள் மாடு மறுபடி கத்தியபோது சித்தியின் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். அந்த வாரம் மாமா குடிகாட்டுக்கு வந்தார். மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தண்ணீர்த் தொட்டியில் கைவிட்டு முகர்ந்தார். பிறகு ரொம்ப வருத்தத்தோடு தீர்ப்புச் சொன்னார்.

"மாட்டு மேல தப்பில்ல தங்கச்சி. உன் ஊரு தண்ணி அப்பிடி. கம்பெனித் தண்ணி. சூடு ஜாஸ்தி."

கம்பெனிகள் வந்த நாளிலிருந்து அந்த ஊரில் தலைவலிக்கும் காரணம் அதுதான், தென்னை காய்க்காததற்கும் காரணம் அதுதான். தண்ணீரைப் பற்றி நான் இங்கே எதுவும் சொல்ல வரவில்லை, அது வேறு வழக்கு. ஆனால் நெல்லிக்குப்பம் பக்கத்திலும் ஆற்றோரத்திலும் இந்தக் கம்பெனிகளின் தண்ணீர் இல்லை, அங்கேயும் இதன் அக்காக்கள் கன்று போடவில்லை என்பது அந்த இடத்தில் நின்ற மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும். குடிகாட்டில் கொண்டுபோய் விட்டால் பழி போட ஓர் இடம் தயாராக இருக்கும் என்று மாமா முன்கூட்டியே யோசித்தாரா என்பது எனக்குத் தெரியாது. யோசிக்கத் தெரிந்தவர்தான். சித்தி என்னைப் பார்த்தாள். நான் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து சித்தி தண்ணீர் சுமந்தாள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர்க் கோயில் பக்கத்தில் ஒரு கைப்பம்பு, அதில் நல்ல தண்ணீர் வரும் என்று பெயர். சித்தப்பாவின் பழைய சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கயிற்றால் கட்டி, ஏறி மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே வருவாள். ஒரு மாட்டுக்கு இரண்டு குடம் எந்த மூலைக்கு? வேலைக்குப் போகுமுன் ஒரு நடை, வந்த பிறகு இரண்டு நடை. வெயில் காலத்தில் நான்கு. ஒருநாள் அவள் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மகள் சொம்பில் கொண்டுவந்தாள். கைப்பம்புத் தண்ணீரா என்று கேட்டதற்கு, "அது மாட்டுக்குண்ணா. நம்பளுக்குப் பழைய தண்ணிதான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

அது தபசு காலம். ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளில் எங்கள் ஆட்கள் பாவசங்கீர்த்தனம் செய்வோம், அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்போம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்து, வரிசையில் நின்று மண்டியிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாயைத் திறந்ததும் விஷயம் சுருங்கிப்போனது. "உறவுக்காரங்க ஒருத்தர்கிட்ட உண்மைய மறைச்சிட்டேன் சாமி" என்றேன். பெரிய விஷயமா என்று கேட்டார். ஒரு மாட்டு விஷயம் என்றேன். தட்டிக்குப் பின்னால் அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி லேசாக இருந்தது. அந்த லேசு எனக்குப் பிடித்திருந்தது. சித்தியிடம் சொல்ல வேண்டியது இன்னும் அப்படியே இருக்கிறது என்பதை அந்த லேசு மறக்கடித்துவிட்டது.

ஈஸ்டர் முடிந்து ஒரு மாதம் இருக்கும். சித்தி என்னைத் தேடிச் சங்கத்துக்கே வந்தாள். அவர்கள் கோயில் பங்கில் ஒரு டீச்சரம்மா, ரிட்டயராகி மகன் வீட்டோடு போகப்போகிறார்கள். இரண்டு ஈற்று ஈன்ற பசு, மூன்றாம் ஈற்றுக்குச் சினை. வைத்துக் காப்பாற்று, பாலை நீ எடுத்துக்கொள், பிறக்கிற கன்றை மட்டும் எனக்குக் கொடு என்று சித்தியிடம் கேட்டிருக்கிறார்கள். சித்திக்கு இருப்பது ஒரு மாட்டுக்கான இடம், ஒரு மாட்டுக்கான உடம்பு. இந்தக் கிடேரியை அண்ணனிடம் திருப்பி விட்டுவிட்டு அந்தப் பசுவை வாங்கிக்கொள்ளட்டுமா, இல்லை இது நிற்குமா என்று என்னிடம் கேட்க வந்திருந்தாள். மகள் பன்னிரண்டாவதுக்குப் போகப்போகிறாள், ஒரு வருஷம்தான் இருக்கிறது என்று விரலை மடக்கிக் காட்டினாள். உள்ளங்கையில் சைக்கிள் கைப்பிடி பதிந்து தோல் காய்த்திருந்தது.

திருப்பி விட்டால் மாமா ஏன் என்று கேட்பார். யார் சொன்னது என்று கேட்பார். கல்யாணத்துக்கு அனுமதி வந்து, நாள் குறித்தாகிவிட்டது. "இன்னும் ரெண்டு ஊசி பாப்போம் சித்தி. இவ்ளோ நாள் வளத்துட்ட. நிக்கும்" என்றேன். சித்திக்கு முகம் தெளிந்துபோயிற்று. வந்த வேலை முடிந்த நிம்மதியோடு, என் கல்யாணத்துக்கு என்ன புடவை எடுப்பது என்று பேசிக்கொண்டே பஸ் ஏறினாள். டீச்சரம்மாவின் பசுவை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். அது ஆவணியில் கன்று போட்டது.

நான் அந்தக் கிடேரிக்கு மொத்தம் பதினோரு ஊசி போட்டேன். ஒவ்வொரு தடவையும் நிற்கும் என்று சொன்னேன். மகள் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கினாள், சிதம்பரத்தில் நர்சிங் படிக்க இடமும் கிடைத்தது. சேருவதற்குக் கெடு முடிகிற நாள் வரை சித்தி மாட்டின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து கைவிட்டுப் பார்த்து, கருப்பை சின்னப்பிள்ளையின் கை மாதிரி இருக்கிறது, கருமுட்டைப் பையில் ஒன்றுமே இல்லை, இனி இதற்கு ஊசி போடாதே என்று என்னைத்தான் திட்டினார். மாமா லாரியோடு வந்தார். மாட்டை ஏற்றும்போது, "உன் ராசி அவ்ளோதான் தங்கச்சி, என்னா பண்றது" என்றார். சித்தி மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தொட்டியில் பாக்கியிருந்த கைப்பம்புத் தண்ணீரை லாரியில் நின்ற மாட்டுக்குத் தூக்கிக் காட்டினாள். அது குடித்தது. அடுத்த மாதம் மகள் கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க உட்கார விடாத வேலை. இருபத்திரண்டு வயதில் அங்கேயே பில் போடுகிறவரைக் கட்டிக்கொண்டாள். இப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள், வேறு கடையில்.

மாமா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நான் வேலையை விட்டுவிட்டுச் சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி, மாட்டுத் தீவனமும் கால்நடை மருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். மாடு சினை நிற்கவில்லை என்று வருகிறவர்களுக்கு டானிக் பாட்டிலை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்புகிறவன் இல்லை நான். உட்காரவைத்து விசாரிப்பேன். இந்தப் பக்கத்தில் எனக்கு அதில் நல்ல பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட இருந்தது. போன மாசியில் சித்தி கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்ளச் சிதம்பரம் வந்தவள், வழக்கம்போலக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். புவனகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கிடேரிக்கு ஐந்து ஊசி போட்டும் நிற்கவில்லை. நான் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தேன். இதன் தாய்க்கு இது எத்தனாவது ஈற்று? தாய்க்கு நஞ்சு தானாக விழுந்ததா, எடுத்தார்களா? இது வயிற்றில் இருக்கும்போது எதுவரை கறந்தார்கள்? அவருக்குப் பதில் தெரியவில்லை. மாடு வாங்கும்போது தாயை விசாரிக்காமல் வாங்காதே என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன்.

அவர் போனதும் சித்தி கேட்டாள். "தாயப் பத்தி எதுக்குப்பா அவ்ளோ கேட்ட?"

பழக்கதோஷத்தில், டாக்டர் அன்று தொட்டியடியில் சொன்னதை அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பாதியில்தான் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. சித்தி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். இது உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்றாள். இப்போதுதான் எங்கோ படித்தேன் என்று சொல்லியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவளுக்கு எழுபதை நெருங்குகிறது, எனக்கு நரைத்துவிட்டது. அப்போதே தெரியும் என்றேன். சுவரைச் சொன்னேன், கோடுகளைச் சொன்னேன், நெல்லிக்குப்பத்துக் கிடேரியையும் ஆற்றோரத்துக் கிடேரியையும் சொன்னேன். வெள்ளையடித்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.  கடைசியாக, எனக்குச் சாதகமாக என்னிடமிருந்த ஒரே சங்கதியை எடுத்து வைத்தேன். மனசு கேட்காமல் அந்தத் தபசு காலத்திலேயே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டேன் சித்தி என்றேன்.

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கு மருந்து போட்டிருந்ததால் இமை இடுங்கியிருந்தது.

"டீச்சரம்மா மாட்டுக்கு உன்னக் கேக்க வந்தேனே. அதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால, சித்தி."

"அப்ப, தப்புன்னு மனசுல பட்டப்புறந்தான் என்ன ரெண்டு ஊசி பாக்கச் சொன்ன." முந்தானையால் கண்ணோரத்து மருந்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் சொன்னத நான் என்னிக்கி நம்பினேன். உன்னக் கேட்டுத்தானப்பா மாட்ட அவுத்தேன்."

எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, கடலூர் பஸ்ஸுக்கு நடந்தாள். எப்போதும் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போவேன். அன்று நான் கடையை விட்டு இறங்கவில்லை. அவள் அப்புறம் என் கடைக்கு வரவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்த அந்த வெள்ளிக்கிழமை, சாமியார் பாவப் பரிகாரமாக எனக்குக் கொடுத்த அபராதம் பத்து ‘அருள்நிறை மரியே’ செபம். கோயில் படி இறங்குவதற்குள் சொல்லி முடித்திருந்தேன்.